ஜிம்னிக்கு எத்தனை பெரிய டயர்?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில் பாலுசெட்டிசத்திரம். அங்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் கூப்பிடு தூரத்தில் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் சொல்லும் ஊர். 108 திவ்யதேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இருப்பதும் இங்கேதான். வாகனம் ஓட்டுகிறவன் கண்ணுக்கு இந்த ஊர் வேறு விதமாகத் தெரியும். பக்கத்திலேயே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் இரவும் பகலும் பறக்கின்றன. சற்றுத் தள்ளித் தாமல் ஏரி, கோடையில் மேலே பொருக்கு, உள்ளே களி. நடுவே வயல்களுக்குள் போகும் வண்டிப் பாதைகள். தெற்கே சில கிலோமீட்டர் போனால் பாலாறு, அதாவது ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணல். தார், களி, வரப்புமண், ஆற்றுமணல் ஆகிய நான்கும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரே சக்கரத்துக்கடியில் வந்து போகும் இடம் இது.

இப்படிப்பட்ட ஊருக்கென்றே செய்த மாதிரி ஒரு சின்ன வண்டி இருக்கிறது. மாருதி சுசூகி 2023 ஜூனில் இறக்கிய ஐந்து கதவு ஜிம்னி. எடை 1.2 டன் அளவு. 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 105 குதிரைத் திறன், 134 நியூட்டன் மீட்டர் திருகுவிசை. லாரிக்கு இருப்பது போல அடியில் ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் குறுக்கே ஒரே துண்டாக ஆக்சில், தேவைப்பட்டால் இழுத்துப் போட்டுக்கொள்ள ‘ஃபோர் வீல் லோ’. எல்லாம் சரி, ஆனால் கம்பெனி போட்டுக் கொடுக்கும் டயரைப் பார்த்தால் மட்டும் உரிமையாளர்களுக்கு மனசு ஆறுவதில்லை. ஒல்லியாகத் தெரிகிறது. அதனால் முதலில் இரண்டு அங்குல லிஃப்ட் கிட், அதற்குப் பிறகு பெரிய டயர் என்று போகிறார்கள். என் கணக்கில் அந்த ஒல்லி டயர் அப்படியொன்றும் ஏமாளி இல்லை.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது 195/80 ஆர்15. அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ. ரிம் 15 அங்குலம், 381 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒன்று. எல்லாம் கூட்டினால் டயரின் விட்டம் 693 மி.மீ. இதற்குப் பதிலாக நம் ஊரில் பலரும் போடுவது 215/75 ஆர்15. பொலேரோவில் வருவதால் எந்த டயர் கடையிலும் கிடைக்கும் அளவு. இதன் விட்டம் 703.5. அடுத்த படி 235/75 ஆர்15, விட்டம் 733.5. ஆசை இன்னும் அடங்காதவர்கள் முப்பது அங்குல டயருக்குப் போவார்கள், 762 மி.மீ.

இப்போது ஹவுசிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜிம்னியை ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் குனிந்து பார்த்தால், இரண்டு ஆக்சில்களின் மேலும் பூசணிக்காய் அளவுக்கு ஒரு குண்டு புடைத்துக்கொண்டிருக்கும். அதுதான் டிஃபரன்ஷியல் ஹவுசிங். வண்டியின் அடிப்பாகத்திலேயே தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். கல்லில் இடிப்பதும் வண்டித் தடத்தின் நடுமேட்டில் உழுவதும் அதுதான். லிஃப்ட் கிட் என்ன செய்கிறது? ஆக்சிலுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள ஸ்பிரிங்கை நீளமாக்குகிறது. உடம்பு மேலே போகிறது. ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அறுபதாயிரமோ ஒரு லட்சமோ செலவழித்து லிஃப்ட் ஏற்றிய வண்டியிலும் ஹவுசிங்குக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடக் கூடியிருக்காது. மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் போவது, சரிவில் பம்பர் முட்டாமல் இறங்குவது, பெரிய டயர் சுழல இடம் கிடைப்பது இவைதான் லிஃப்ட்டின் பலன். ஹவுசிங்கை உயர்த்தும் சக்தி டயருக்கு மட்டும்தான் உண்டு.

அந்தச் சக்தியும் பாதிதான். விட்டம் கூடுவதில் பாதி அச்சுக்கு மேலே போய்விடும், மீதிப் பாதிதான் கீழே வரும். 215/75 போட்டால் கூடும் உயரம் 5 மி.மீ.தான். 235/75 போட்டால் 20 மி.மீ. முப்பது அங்குலத்துக்கு 34. கடையில் பழைய டயருக்குப் பக்கத்தில் புதிதை நிறுத்திப் பார்க்கும்போது மலையாகத் தெரிவதெல்லாம், வண்டிக்கடியில் போய்ச் சேரும்போது இவ்வளவுதான்.

பெரிய சக்கரம் கல்லிலும் படியிலும் சுலபமாக ஏறும் என்பது உண்மை. படியின் விளிம்பை அது இன்னும் மேலான கோணத்தில் தொடுகிறது. 15 சென்டிமீட்டர் உயரக் கல் ஒன்றின் மேல் சக்கரத்தைத் தள்ளி ஏற்றத் தேவையான விசையைப் பள்ளிக்கூட இயற்பியலை வைத்துக் கணக்கிட்டால், பழைய டயருக்கு ஆவதைவிட 235/75-க்கு 6 சதவீதம் குறைவாகப் போதும். ஆனால் அதே பெரிய டயர் என்ஜினின் திருகலைத் தரையில் தள்ளுவிசையாக மாற்றும்போது ஐந்தரை சதவீதத்தைச் சாப்பிட்டுவிடுகிறது. ஆரம் கூடினால் அதே திருகலுக்கு விளிம்பில் கிடைக்கும் விசை குறையும். வலது கை கொடுத்ததை இடது கை எடுத்துக்கொண்டது. ‘ஃபோர் வீல் லோ’வில் விசை இரண்டு மடங்காவதால் கல்மேட்டில் இது உறைக்காது. நெடுஞ்சாலையில் எதிர்காற்றில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஐந்தாவது கியரில் போகும்போது உறைக்கும். 134 நியூட்டன் மீட்டர் என்பது தாராளமான சொத்து இல்லை. பிரேக்குக்கும் இதே கதிதான்: அதே பிடிக்குத் தரையில் ஐந்தரை சதவீதம் குறைவான விசை, காலால் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும்.

எடை தனிக் கணக்கு. டயரின் எடை பெரும்பாலும் வெளி விளிம்பில் இருக்கிறது. வண்டியை வேகமெடுக்க வைக்கும்போது அந்த எடையை முன்னால் நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் விளிம்பில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் டிக்கியில் வைத்த கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குச் சமம். சேற்றுக்கென்று செய்த கனமான மட் டயரில் ஒரு சக்கரத்துக்கு நான்கு கிலோ கூடினால், என்ஜின் அதை முப்பது கிலோ மூட்டையாக உணரும். அந்தக் கூடுதல் எடை ஸ்பிரிங்குக்கு மேலே இல்லாமல் கீழே தொங்குவதால், குண்டும் குழியுமான ரோட்டில் ஷாக் அப்சார்பர்களுக்கும் வேலை அதிகம்.

உயரம் பேருக்குத்தான், இழுவையில் நட்டம் என்றால் மண்ணில் போகும் திறன் எங்கிருந்துதான் வருகிறது? காற்றிலிருந்து.

ஜிம்னியும் ஆட்களும் சேர்ந்து 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் 375 கிலோ. டயரில் 26 பி.எஸ்.ஐ. காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.83 கிலோ அழுத்தம். 375 கிலோவைத் தாங்க 205 சதுர செ.மீ. பரப்பு தரையில் பதிய வேண்டும். பக்கச்சுவரின் விறைப்பு கொஞ்சம் தாங்குவதை விட்டுவிட்டால் இதுதான் கணக்கு. கவனியுங்கள், இந்தக் கணக்கில் டயரின் அளவு எங்குமே வரவில்லை. 195 போட்டாலும் 235 போட்டாலும் அதே 26-இல் பதியும் பரப்பு ஏறத்தாழ அதேதான். பெரிய டயரில் தடம் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும், சின்ன டயரில் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருக்கும். இப்போது காற்றை 15-க்கு இறக்குங்கள். பரப்பு 355 சதுர செ.மீ. ஆகிறது. பைசா செலவில்லாமல் 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. அகலம் அதிகம் மாறாது, தடம் நீள்கிறது. தரையில் பதியும் பட்டனின் அகலம் 15 செ.மீ. என்றால் சாண் நீளம் கூட இல்லாத தடம் ஒரு சாணுக்கு மேல் போகும். டாங்கியின் சங்கிலிப் பட்டைக்கு ஓரளவு நெருங்கிய வடிவம்.

பாலாற்று மணலில் வண்டி புதைவதற்குக் காரணம் பிடி இல்லாதது மட்டும் இல்லை. அழுத்தம் கூடினால் சக்கரம் இறங்குகிறது. இறங்கிய சக்கரம் முன்னால் ஒரு மணல்குவியலைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. என்ஜினின் விசை அதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பட்டன்கள் மணலைத் தோண்டி வெளியே வீசும், வண்டி ஆக்சில் வரை உட்காரும். முரட்டுப் பட்டன் உள்ள மட் டயர் இந்த வேலையை இன்னும் சிறப்பாகச் செய்யும். மணலுக்குத் தேவை காற்று இறங்கிய, அவ்வளவு கூர்மை இல்லாத டயர்தான். ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1920-களின் கடைசியிலும் 1930-களிலும் சாதாரண ஃபோர்டு கார்களைக் கொண்டு லிபியப் பாலைவனத்தின் மணற்குன்றுகளுக்குள் போய் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. டயரில் காற்றை இறக்கு, சிக்கினால் சக்கரத்துக்கடியில் இரும்புத் தகடு போடு. மணல் எப்படி நகர்கிறது என்பதைப் பற்றி அவர் 1941-இல் எழுதிய நூல் இன்றும் மணல் ஆய்வாளர்களுக்கு மூலநூல். அவருக்குப் பிறகு, மண்ணுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவைத் தனி அறிவியலாகவே ஆக்கியவர் போலந்தில் பிறந்த பெக்கர். 1971-இல் அப்பல்லோ 15-உடன் நிலவுக்குப் போன ஊர்தியின் உருவாக்கத்தில் அவருக்கும் பங்கு இருந்தது. அதன் சக்கரத்தில் காற்றே கிடையாது. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியை வலையாக நெய்து செய்த சக்கரம் அது.

நெய்தது என்றதும் இந்த வட்டாரத்தில் காது நிமிரும். ரப்பர் டயரும் ஒரு நெசவுப் பொருள்தான். பாலியெஸ்டர் அல்லது நைலான் கயிறுகளைப் பாவாக நெருக்கி வைத்து, ஊடையைப் பேருக்கு மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டிய துணி அதற்குள் இருக்கிறது. ஊடையின் வேலை, ரப்பர் பூசி முடிக்கும் வரை பாவு கலையாமல் பிடித்துக்கொள்வது. அவ்வளவோடு அதன் கடமை தீர்ந்தது. காஞ்சிபுரம் சேலையில் பாவும் ஊடையும் பங்காளிகள் என்றால், டயரில் ஊடை வெறும் எடுபிடி. இந்தப் பாவு இழைகள் ரிம்மின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேர்குறுக்காக ஓடுவதுதான் ரேடியல் டயர், ‘ஆர்15’-இல் உள்ள ஆர். மிஷலின் நிறுவனம் இதற்குக் காப்புரிமை பெற்றது 1946-இல். அதே 1946-இல்தான் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டு பலூன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அதுவே பிறகு எம்.ஆர்.எஃப். ஆகி 1961-இல் டயருக்கு வந்தது. இன்று அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே.யும் சியட்டும் என்று காஞ்சிபுரத்தைச் சுற்றி டயர் ஆலைகள். பட்டுக்குப் பேர்போன வட்டாரம் இன்னொரு நெசவுக்கும் உறைவிடமாகிவிட்டது.

டயர் தேர்ந்தெடுக்கிறவருக்கு இந்த நெசவால் ஆகும் காரியம் என்னவென்றால், பட்டனுக்கு அடியில் எஃகுப் பட்டைகள் உண்டு, பக்கச்சுவரில் கிடையாது. அங்கே இருப்பது ரப்பரும் இந்தப் பாவுத்துணியும் மட்டும். காற்றை இறக்கினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். முள்ளும் உடைந்த கல்லும் முதலில் தேடுவது அதைத்தான். பக்கத்தில் கிழிந்தால் பஞ்சர் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். ஆகவே பெரிய டயர் தேடுகிறவர் விட்டத்தைக் கேட்பதற்கு முன்னால் பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு என்று கேட்பது நல்லது. அடுக்கு கூடினால் எடையும் விறைப்பும் கூடும் என்பதும் உண்டு. லாரி வகை டயர்களை, அதாவது அளவுக்கு முன்னால் ‘எல்டி’ என்று போட்டவற்றை, ஜிம்னி மாதிரி லேசான வண்டியில் மாட்டினால் 15 பி.எஸ்.ஐ.யிலும் சரியாக அமுங்காமல் கல்லு மாதிரி நிற்கும். எடை தாங்கும் அளவைப் பொறுத்தவரை ஜிம்னியின் சொந்த டயரே போதும்: 96 எஸ் என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 180 கிலோமீட்டர் வேகம் தாளும்.

ஏரிக்களியில் கதை வேறு. களி ஒட்டும் மண். பட்டன்களுக்கு நடுவே அப்பிக்கொண்டால் எந்த டயரும் மொட்டை டயர்தான். இடைவெளி அதிகமுள்ள மட் டயர் சுழலும் வேகத்தில் களியை உதறித் தள்ளும், அதில் அதற்கு நிகர் இல்லை. சேறு ஒரு சாண் ஆழம், கீழே கெட்டித்தரை என்றால் ஒடுக்கமான டயர் வெட்டிக்கொண்டு இறங்கித் தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே வழுக்கும். கீழே தரையே இல்லாத உளை என்றால் அகலம் காப்பாற்றும், அல்லது இன்னும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். (இந்த மட் டயரோடு மழைநாளில் ஏரிக்கரை மேல் ஓட்டுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. பட்டன் வெட்டிய தடத்தில் தண்ணீர் தேங்கி, அங்கிருந்துதான் கரை கரையத் தொடங்கும். அந்தக் கரையை நம்பிக் கீழே வயல் இருக்கிறது.)

மண் முடிந்து நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன் காற்றைத் திரும்பப் பிடித்தே ஆக வேண்டும். சாலையில் நீர் தேங்கியிருக்கும்போது எந்த வேகத்தில் டயர் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் என்பதை 1960-களில் நாசா விமான டயர்களை வைத்து ஆராய்ந்தது. அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து அந்த வேகம் மாறுகிறது. அந்தச் சூத்திரப்படி 26 பி.எஸ்.ஐ.யில் மணிக்கு சுமார் 85 கிலோமீட்டர், 15-இல் சுமார் 65. நல்ல பட்டன் நீரை ஒதுக்கிவிடும் வரை இந்த எல்லை தள்ளிப்போகும். மட் டயரின் பெரிய கட்டைகள் ஈரத் தாரில் பிடிப்பது குறைவு, இரைச்சலும் தாங்காது. ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலைதான் என்பவருக்கு ‘ஏ.டி.’ எனப்படும் இடைநிலை டயரே பொருந்தும் என்பேன்.

அளவில்? திருப்புட்குழிச் சுற்றுவட்டாரத்துக்கு 215/75 போதும். உயரத்துக்காக இல்லை. ஏ.டி. பட்டனும் கெட்டியான பக்கச்சுவரும் இந்த அளவில் எளிதில் கிடைக்கின்றன, ஜிம்னியின் ஐந்தரை அங்குல ரிம்மிலேயே இது முறைப்படி உட்காரும். 235/75-க்குக் குறைந்தது ஆறு அங்குல ரிம் வேண்டும். பழைய ரிம்மில் இழுத்து மாட்டினால் பட்டன் நடுவில் புடைத்து நிற்கும், நடு மட்டும் தேயும். சந்தேகமிருந்தால் பட்டன்மேல் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நேரான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம் அல்லது ரிம் ஒடுக்கம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் காற்று குறைவு. ரிம்மை மாற்றினால் டயர் வெளியே தள்ளி நிற்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றிப் பார்த்தால்தான் உள்ளே ஆக்சிலைப் பிடித்திருக்கும் கையிலும் முன்னால் பம்பர் ஓரத்திலும் உரசுவது தெரியும். கடை வாசலில் சமதரையில் எதுவும் உரசாது.

லிஃப்ட் ஏற்றிய வண்டியில் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் சாய்வதால் காஸ்டர் கோணம், அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு, குறையும். விளைவு, எண்பதுக்கு மேல் ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலையும். இதைச் சரிசெய்யும் புஷ் தனியாக விற்கிறார்கள்; லிஃப்ட் கிட் விற்பவர் பல நேரம் அதைச் சொல்வதில்லை. சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் 1,395 மி.மீ. ஈர்ப்பு மையம் 65 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், பாதி அகலத்தை உயரத்தால் வகுக்க 1.07 வரும். லிஃப்ட்டும் டயருமாக மையத்தை 71.5-க்கு ஏற்றினால் 0.98. இந்த எண் குறையக் குறைய வளைவில் கவிழ்வது சுலபம்.

ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். 235/75-இல் முள் 80 காட்டும்போது சக்கரம் அளக்கும் கணக்கு 84-ஐத் தாண்டியிருக்கும். கம்பெனிகள் முள்ளைக் கொஞ்சம் கூட்டியே வைத்திருப்பார்கள், உண்மை வேகத்தைவிட முள் குறைவாகக் காட்டக் கூடாது என்பது விதி. பெரிய டயர் அந்த இடைவெளியை விழுங்கிவிடுகிறது. ஓடிய தூரமும் குறைவாகப் பதிவதால் உண்மையில் 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 14.2 கொடுப்பது போலத் தெரியும். மைலேஜ் போச்சு என்ற புலம்பலில் ஒரு பங்கு இப்படி வருவது. சட்டத்தையும் சொல்லிவிடலாம். பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரித்தவர் குறித்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் டயரையும் ஸ்பிரிங்கையும்தான் பார்க்கும்.

டயர் கடையில் பேரம் முடிந்து நான்கு டயருக்குப் பணம் கட்டும்போது ஸ்டெப்னியை மறந்துவிடுகிறார்கள். ஜிம்னியில் ஃபோர் வீல் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் இறுகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும் பாகம் எதுவும் கிடையாது. சுற்றளவு மாறிய ஒரு சக்கரம் இருந்தால் அந்த வித்தியாசம் முழுதும் கியர்களுக்குள் முறுக்காக ஏறும். புது பட்டனுக்கும் தேய்ந்த பட்டனுக்கும் 7 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே ஆரத்தில் 2 சதவீதம். 195-லிருந்து 215-க்குப் போனதைவிடப் பெரிய வித்தியாசம். ஆகவே ஐந்தும் ஒரே டயர், ஒரே நாளில். கனமான ஐந்தாவதைப் பின்கதவில் தொங்கவிட்டால் கீல் தாங்குகிறதா, டயரின் அடி பம்பரில் இடிக்கிறதா என்று கதவை நாலைந்து முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றும்போது ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்த்துக்கொண்டால் ஐந்தும் ஒரே சீராகத் தேயும்.